வயர் ஏன் சுடுகிறது?

மின்கம்பியின் தடையைப் பற்றிய பாடம்

சுவிட்சைப் போடுகிறோம். விளக்கு எரிகிறது. மின்விசிறி சுற்றுகிறது. மின்சாரத்தை நாம் கண்ணால் பார்ப்பதில்லை. அது வரும் வழியை மட்டும் பார்க்கிறோம். அந்த வழிதான் வயர்.

வயருக்குள் இருப்பது கம்பி. மேலே இருப்பது பிளாஸ்டிக் உறை. எல்லா வயரும் பார்க்க ஒன்று போலத்தான் இருக்கும். ஆனால் எல்லா வயரும் ஒன்றல்ல. ஒரு வயர் பத்து வருடம் பத்திரமாக உழைக்கும். இன்னொரு வயர் பத்து நிமிடத்தில் சூடேறி நாற்றம் அடிக்கும்.

ஏன் இந்த வேறுபாடு? இதைத் தெரிந்துகொண்டால் மோட்டார் எரியாது. வீடு தீப்பிடிக்காது. உயிருக்கும் ஆபத்து வராது. வாருங்கள், படிப்போம்.

1. மின்தடை என்றால் என்ன?

தெருக் குழாயில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துப் பாருங்கள். மேல்நிலைத் தொட்டி உயரத்தில் இருந்தால் தண்ணீர் வேகமாக வரும். உயரம்தான் தண்ணீரைத் தள்ளுகிறது. ஆனால் தண்ணீர் எவ்வளவு வரும் என்பது குழாயையும் பொறுத்தது. அகலமான குழாயில் தாராளமாக வரும். ஒல்லிக் குழாயில் நூல் போல வரும். குழாய் தண்ணீரைத் தடுக்கிறது.

மின்சாரமும் அப்படித்தான். இதில் மூன்று சொற்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வோல்ட்: மின்சாரத்தைத் தள்ளும் விசையின் அளவு. நம் வீடுகளுக்கு வருவது சுமார் 230 வோல்ட்.

ஆம்பியர்: கம்பியில் ஓடும் மின்சாரத்தின் அளவு. சிறிய விளக்குக்கு ஒரு ஆம்பியரில் ஒரு பங்குகூட வேண்டாம். தண்ணீர் சுடவைக்கும் ராடுக்கு ஆறு ஆம்பியருக்கும் மேல் வேண்டும்.

ஓம்: கம்பி மின்சாரத்தைத் தடுக்கும் அளவு. இதற்குத்தான் மின்தடை என்று பெயர்.

எந்தக் கம்பியும் மின்சாரத்தைக் கொஞ்சமாவது தடுக்கும். தடுக்கும்போது கம்பி சூடாகும். இரண்டு கைகளையும் சேர்த்துத் தேய்த்துப் பாருங்கள். கை சூடாகிறது அல்லவா? கம்பிக்குள் மின்சாரம் முட்டி மோதிக்கொண்டு போவதால் கம்பியும் சூடாகிறது.

தடை அதிகமானால் இரண்டு கெடுதல் உண்டு. வழியிலேயே வோல்ட் குறைந்துவிடும். வயரும் சூடேறும்.

2. பூட்டுத் தொழிலாளியின் மகன்

மின்தடையின் கணக்கைக் கண்டு சொன்னவர் பெயர் ஜார்ஜ் சைமன் ஓம். ஜெர்மனி நாட்டில் 1789ஆம் ஆண்டு பிறந்தவர். அவருடைய அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. அப்பா பெரிய பள்ளிக்கூடம் போய்ப் படித்தவர் அல்ல. தானாகவே புத்தகங்களைப் படித்துக் கணக்கும் அறிவியலும் கற்றார். கற்றதைத் தன் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார்.

மகன் பள்ளி ஆசிரியர் ஆனார். விதவிதமான கம்பிகளை எடுத்தார். நீளமான கம்பி, குட்டையான கம்பி, தடித்த கம்பி, மெல்லிய கம்பி. ஒவ்வொன்றிலும் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று அளந்தார். தான் கண்டதை 1827ஆம் ஆண்டு புத்தகமாக வெளியிட்டார். முதலில் அவருடைய நாட்டில் பலர் அதை மதிக்கவில்லை. 1841ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ராயல் சொசைட்டி அவருக்குப் பதக்கம் கொடுத்துப் பாராட்டியது. அவர் இறந்த பிறகு, மின்தடையின் அளவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். இன்று உலகம் முழுவதும் 'ஓம்' என்றுதான் சொல்கிறார்கள்.

அவர் கண்டுபிடித்த கணக்கு மிகவும் எளிது.

ஆம்பியர் × ஓம் = வழியில் குறையும் வோல்ட்

இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதை வைத்தே ஒரு கிரைண்டரின் கதையைப் பார்க்கலாம்.

3. உறுமிய கிரைண்டர்

புனேயில் கட்கி, தாப்போடி பக்கம் தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. அங்கே ஒரு வஸ்தியில் மாவு அரைத்து விற்கும் ஓர் அக்கா இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவரிடம் ஒரு ஹெச்.பி. மோட்டார் வைத்த பெரிய கிரைண்டர் இருக்கிறது. தினமும் இருபது கிலோ மாவு கடைகளுக்குப் போக வேண்டும். அந்த வருமானத்தில்தான் குடும்பம் நடக்கிறது.

மகள் பத்தாம் வகுப்பு. கிரைண்டர் சத்தத்தில் படிக்க முடியவில்லை. அதனால் அக்கா கிரைண்டரை வீட்டுக்குப் பின்னால் உள்ள தகரக் கொட்டகைக்கு மாற்றினார். வீட்டிலிருந்து கொட்டகைக்குப் பன்னிரண்டு மீட்டர் தூரம். விளக்குக்குப் போடும் ஒல்லி வயர் ஒரு சுருள் வீட்டில் கிடந்தது. முப்பது மீட்டர் நீளம். அதையே இழுத்தார்கள். மீதி வயரைச் சுருட்டி ஆணியில் மாட்டினார்கள்.

சாயங்காலம் உளுந்தைப் போட்டு சுவிட்சைப் போட்டார் அக்கா. கல் சுற்றவில்லை. 'ம்ம்ம்' என்று உறுமல் மட்டும் வந்தது. கையால் கல்லைத் தள்ளிவிட்டார். மெதுவாகச் சுற்றியது, பிறகு நின்றது. சிறிது நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம் வந்தது. சுவிட்சை அணைத்துவிட்டு, தெருவில் உள்ள வயர்மேன் தம்பியைக் கூப்பிட்டார்.

வயர்மேன் வந்து மெயினை அணைத்தார். பிறகு ஆணியில் மாட்டியிருந்த சுருளைத் தொட்டுப் பார்த்தார்.

"அக்கா, கிரைண்டர்ல ஒண்ணும் கோளாறு இல்ல. வயர்தான் கோளாறு."

"வயர் புதுசுதானே தம்பி? பிரிக்காம வெச்சிருந்தது."

"புதுசுதான். ஆனா இது விளக்குக்கான வயர். கழுதை சுமக்கிற மூட்டையக் கன்னுக்குட்டி மேல ஏத்தினா எப்படி? அதான் படுத்துடுச்சு."

"இன்னைக்கு இருபது கிலோ அரைக்கணும். மோட்டார் எரிஞ்சா காயில் கட்டவே ஆயிரக்கணக்குல ஆகும். என்ன செய்றது சொல்லு."

"நாலு விஷயம் இருக்கு அக்கா. நீளம், பருமன், உலோகம், சூடு. இந்த நாலையும் பார்த்தாச் சரியாயிடும்."

அந்த நாலு விஷயங்கள்தான் இந்தப் பாடம்.

4. முதல் காரணம்: நீளம்

கம்பி நீளமானால் மின்தடை கூடும். இரண்டு மடங்கு நீளம் என்றால் இரண்டு மடங்கு தடை. பாதி நீளம் என்றால் பாதித் தடை.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்சாரம் ஒரு கம்பியில் போய் இன்னொரு கம்பியில் திரும்பி வருகிறது. ஆகவே முப்பது மீட்டர் வயர் என்றால், மின்சாரம் நடக்கும் தூரம் அறுபது மீட்டர். சுருட்டி மாட்டிய வயரும் கணக்கில் சேரும். மின்சாரம் சுருளுக்குள்ளும் சுற்றிச் சுற்றித்தான் வர வேண்டும். அதற்குக் குறுக்கு வழி கிடையாது.

சுருளில் இன்னொரு கெடுதலும் உண்டு. நீட்டி விட்ட வயரின் சூடு காற்றில் கலந்துவிடும். சுருட்டிய வயரின் சூடு வெளியே போக முடியாது. கம்பளிக்குள் கை வைத்தது போல உள்ளேயே தங்கும். அதனால்தான் சுருளில் முதலில் நாற்றம் வந்தது.

5. இரண்டாம் காரணம்: பருமன்

கம்பி தடித்தால் மின்தடை குறையும். கம்பி மெலிந்தால் மின்தடை கூடும். அகலமான சாலையில் கூட்டம் எளிதாகப் போகிறது. சந்துக்குள் நெரிசல் படுகிறது. அதே போலத்தான்.

கம்பியின் பருமனை எப்படிச் சொல்வது? வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டினால் ஒரு வட்டம் தெரியும். கம்பியைக் குறுக்கே வெட்டினாலும் ஒரு சின்ன வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் பரப்புதான் கணக்கு. அதைச் சதுர மில்லிமீட்டர் என்று அளப்பார்கள். கடையில் சுருக்கமாக 'எம்.எம்.' என்பார்கள். ஒரு எம்.எம்., ஒன்றரை எம்.எம்., இரண்டரை எம்.எம்., நான்கு எம்.எம். என்று வயர் கிடைக்கும்.

பரப்பு ஐந்து மடங்கானால் தடை ஐந்தில் ஒரு பங்காகும். ஆனால் கம்பியின் அகலம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகிவிடும். தோசை சுடுகிறவர்களுக்கு இது தெரியும். இரண்டு மடங்கு அகலமான தோசைக்கு இரண்டு கரண்டி மாவு போதாது. அதே கனத்தில் ஊற்ற நான்கு கரண்டி வேண்டும். எனவே இரண்டு மடங்கு அகலமான கம்பிக்குத் தடை நான்கில் ஒரு பங்குதான்.

ஓர் எச்சரிக்கை. உறையின் பருமனைப் பார்த்து ஏமாற வேண்டாம். சில மலிவான வயர்களில் பிளாஸ்டிக் தடிமனாக இருக்கும். உள்ளே கம்பி ஒல்லியாக இருக்கும். மின்சாரம் ஓடுவது கம்பியில். பிளாஸ்டிக்கில் அல்ல.

6. மூன்றாம் காரணம்: உலோகம்

நீளமும் பருமனும் ஒன்றாக இருந்தாலும், உலோகம் மாறினால் தடை மாறும். செம்புக் கம்பியின் தடையை ஒரு பங்கு என்று வைத்துக்கொள்வோம். அதே நீளம், அதே பருமன் உள்ள மற்ற கம்பிகளின் தடை ஏறக்குறைய இப்படி இருக்கும்.

வெள்ளி: ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு
செம்பு: 1 பங்கு
அலுமினியம்: சுமார் 1.6 பங்கு
இரும்பு: சுமார் 6 பங்கு
நிக்ரோம்: 60 பங்குக்கு மேல்

வெள்ளிதான் எல்லாவற்றிலும் நல்லது. ஆனால் விலை கட்டாது. அதனால் வீட்டு வயருக்குச் செம்பு.

தெருவில் கம்பத்துக்குக் கம்பம் போகும் கம்பி பெரும்பாலும் அலுமினியம். அலுமினியத்தின் விலை குறைவு. எடையும் குறைவு. ஒரே அளவுள்ள செம்புத் துண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. தடை கூடுதல் என்பதால் கம்பியைக் கொஞ்சம் தடிமனாகப் போடுகிறார்கள். உயரமான கோபுரங்களில் போகும் கம்பியின் நடுவில் எஃகு இழையும் வைப்பார்கள். எஃகு கம்பியைத் தாங்கும். அலுமினியம் மின்சாரத்தைச் சுமக்கும்.

நிக்ரோம் என்பது நிக்கலும் குரோமியமும் கலந்த உலோகம். இதன் தடை மிக அதிகம். அப்படியானால் இது கெட்ட உலோகமா? இல்லை. எங்கே சூடு வேண்டுமோ அங்கே இதுதான் நல்லது. இஸ்திரிப் பெட்டிக்குள்ளும் மின் அடுப்புக்குள்ளும் இருப்பது இந்த மாதிரிக் கம்பிதான். சிவக்கச் சிவக்கக் காய்ந்தாலும் எளிதில் உருகாது. தடை நமக்கு நண்பனாகவும் இருக்கும், பகைவனாகவும் இருக்கும். இருக்க வேண்டிய இடத்தில் இருக்க வேண்டும்.

சில கடைகளில் அலுமினியத்தின் மேல் செம்பு பூசி விற்கிறார்கள். ஒரு இழையை எடுத்துப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது முழுச் செம்பு அல்ல.

7. நான்காம் காரணம்: சூடு

உலோகக் கம்பி சூடானால் அதன் தடை கூடும். செம்புக் கம்பி பத்து டிகிரி சூடேறினால் தடை நூற்றுக்கு நான்கு பங்கு கூடும். ஐம்பது டிகிரி ஏறினால் ஏறக்குறைய நூற்றுக்கு இருபது பங்கு கூடும்.

பழைய குண்டு பல்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உள்ளே இருப்பது டங்ஸ்டன் இழை. எரியும்போது இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடாகும். அப்போது அதன் தடை, குளிர்ந்திருந்தபோது இருந்ததைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். சுவிட்சைப் போட்ட நொடியில் இழை குளிர்ந்திருக்கிறது. தடை குறைவு. அதனால் மின்சாரம் குபீரென்று பாய்கிறது. பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும் நேரத்தில் போவதற்கு இதுவே காரணம்.

சாதாரண வயரின் பி.வி.சி. உறை சுமார் 70 டிகிரி வரை தாங்கும். அதற்கு மேல் இளகத் தொடங்கும். புனேயில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும். தகரக் கூரைக்கு அடியில் இன்னும் அதிகம். அங்கே போகும் வயர் ஏற்கெனவே சூடாகத்தான் இருக்கும். அதன் மேல் பாரத்தையும் ஏற்றினால் உறை உருகும். உள்ளே இருக்கும் இரண்டு கம்பிகளும் ஒன்றை ஒன்று தொடும். தொட்டால் தீப்பொறி. பக்கத்தில் பலகையும் சாக்கும் இருந்தால் ஒரு வீட்டோடு நிற்காது. வஸ்தியில் சுவருக்குச் சுவர் ஒட்டி வீடுகள்.

8. கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அக்காவின் கிரைண்டருக்கு வருவோம். ஒல்லி வயரின் பருமன் அரை எம்.எம். செம்பு. மின்சாரம் நடந்த தூரம் 60 மீட்டர். இதன் தடை ஏறக்குறைய 2 ஓம்.

ஒரு ஹெச்.பி. மோட்டார் ஓடும்போது சுமார் 6 ஆம்பியர் எடுக்கும். ஆனால் நின்ற கல்லை முதலில் நகர்த்தும்போது அதைப் போலப் பல மடங்கு எடுக்கும். 25 ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம்.

25 ஆம்பியர் × 2 ஓம் = 50 வோல்ட்

வீட்டில் 230 வோல்ட் இருந்தது. வழியில் 50 போய்விட்டது. கிரைண்டருக்குக் கிடைத்தது 180 மட்டும். சாயங்காலம் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது வீட்டுக்கு வருவதே குறைந்திருக்கும். அப்போது இன்னும் மோசம். மோட்டாருக்குக் கல்லை நகர்த்தும் பலம் இல்லை. அதனால் உறுமியது. உறுமும் மோட்டாரும் சும்மா இருப்பதில்லை. 25 ஆம்பியரை இழுத்துக்கொண்டே இருக்கும்.

போன வோல்ட் எங்கே போயிற்று? வயரில் சூடாக மாறியது. எவ்வளவு சூடு?

50 வோல்ட் × 25 ஆம்பியர் = 1250 வாட்

தண்ணீர் சுடவைக்கும் ராடு ஒன்றின் சூடு இது. அவ்வளவும் வயரில்!

வயர்மேன் தம்பி முதலில் நீளத்தைக் குறைக்கச் சொன்னார். பன்னிரண்டு மீட்டர் தூரத்துக்குப் பன்னிரண்டு மீட்டர் வயர் போதும். மின்சாரம் நடக்கும் தூரம் 24 மீட்டர். தடை 2 ஓமிலிருந்து 0.8 ஓம் ஆகிறது. குறையும் வோல்ட் 20.

அடுத்துப் பருமன். அரை எம்.எம். வயரை எடுத்துவிட்டு இரண்டரை எம்.எம். வயர். ஐந்து மடங்கு பருமன். தடை 0.8 ஓமிலிருந்து 0.16 ஓம் ஆகிறது. குறையும் வோல்ட் 4 மட்டுமே. வயரின் சூடு 1250 வாட்டிலிருந்து 100 வாட்டாக இறங்குகிறது. அதுவும் கல் நகரும் ஒரு சில நொடிகளுக்கு மட்டும்.

"அப்போ மோட்டார் அதேதான், கரண்ட்டும் அதேதான். வயரை மாத்தினதுக்கே இவ்வளவா?" என்று கேட்டார் அக்கா.

"ஆமாக்கா. இன்னொண்ணு. பழைய வயர்ல ரெண்டு கம்பிதான் இருந்துச்சு. கிரைண்டருக்கு எர்த்துக் கம்பியும் வேணும். ஈரக் கையோட தொடுற சாமான் இது. மூணு கம்பி உள்ள வயரா வாங்குங்க. பச்சைக் கம்பி எர்த்து."

9. ஜாயிண்டும் பியூசும்

வயர் நன்றாக இருந்தும் சில இடங்களில் கருகும். காரணம் தளர்ந்த ஜாயிண்ட். இரண்டு கம்பிகளை இலேசாக முறுக்கி டேப் சுற்றினால், அவை ஓரிரு புள்ளியில்தான் தொடும். அந்த இடத்தில் கம்பி மிக மிக ஒல்லியாக இருப்பது போல ஆகிவிடும். வயர் முழுவதும் பரவ வேண்டிய சூடு அந்த ஒரே இடத்தில் சேரும். மழைக்காலத்தில் ஈரம் புகுந்தால் களிம்பும் ஏறும். செம்பையும் அலுமினியத்தையும் நேராக முறுக்கினால் இன்னும் சீக்கிரம் கெடும். முடிந்தவரை ஜாயிண்ட் இல்லாமல் ஒரே வயராக இழுக்க வேண்டும். பிளக் தளர்ந்து ஆடினாலும், சுவிட்ச் சுட்டாலும் உடனே மாற்ற வேண்டும்.

பியூஸ் கம்பி ஒல்லியாக இருப்பது ஏன்? வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால், ஒல்லிக் கம்பிதான் முதலில் சூடேறி உருகும். மின்சாரம் நின்றுவிடும். வீட்டு வயர் பிழைக்கும். பியூஸ் நமக்குக் காவல்காரன்.

அடிக்கடி பியூஸ் போகிறது என்று சிலர் தடித்த கம்பியைக் கட்டுகிறார்கள். பிறகு பியூஸ் போகாதுதான். அதற்குப் பதிலாகச் சுவருக்குள் வயர் எரியும். காவல்காரனைத் தூங்க வைத்துவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போன்றது இது. பியூஸ் போனால் காரணத்தைத் தேட வேண்டும்.

10. கோலாருக்குப் போன மின்சாரம்

பன்னிரண்டு மீட்டருக்கே இவ்வளவு பாடு. நூறு கிலோமீட்டருக்கு அப்பால் மின்சாரத்தைக் கொண்டுபோவது எப்படி?

கோலார் தங்கவயலை நாம் அறிவோம். நம் தமிழ் மக்கள் ஆயிரக்கணக்கில் போய், பூமிக்கு அடியில் இறங்கி உழைத்த இடம். அந்தச் சுரங்கங்களின் இயந்திரங்களுக்கு மின்சாரம் தேவைப்பட்டது. காவிரி விழும் சிவசமுத்திரத்தில் மைசூர் அரசு மின் நிலையம் கட்டியது. 1902ஆம் ஆண்டு அங்கிருந்து தங்கவயலுக்கு மின்சாரம் போனது. தூரம் சுமார் 147 கிலோமீட்டர். அந்தக் காலத்தில் அது மிக நீண்ட மின்பாதை. தங்கச் சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. ஆனால் அந்த மின்பாதை வரலாற்றில் நிற்கிறது.

கம்பியின் நீளத்தைக் குறைக்க முடியாது. கம்பியைத் தூண் போலத் தடிக்க வைக்கவும் முடியாது. அதனால் வேறு வழி செய்தார்கள். ஆம்பியரைக் குறைத்தார்கள். எப்படி? வோல்ட்டைக் கூட்டினார்கள். அந்தப் பாதையில் சுமார் 30 ஆயிரம் வோல்ட்டில் மின்சாரம் அனுப்பினார்கள்.

ஒரு லட்சம் வாட் மின்சாரம் அனுப்ப வேண்டும் என்று வைப்போம். 230 வோல்ட்டில் அனுப்பினால் 435 ஆம்பியர் ஓட வேண்டும். 30 ஆயிரம் வோல்ட்டில் அனுப்பினால் மூன்றரை ஆம்பியர்கூட வேண்டாம். கம்பியின் தடை 10 ஓம் என்று ஒரு பேச்சுக்கு வைப்போம். மூன்றரை ஆம்பியருக்கு வழியில் 35 வோல்ட் குறையும். முப்பதாயிரத்தில் 35 பெரிதல்ல. 435 ஆம்பியருக்கு 4350 வோல்ட் குறைய வேண்டும். கையில் இருப்பதோ 230தான். மின்சாரம் போய்ச் சேரவே சேராது.

புனேக்குப் பக்கத்திலும் இதைப் பார்க்கலாம். லோனாவளா ஏரிகளின் தண்ணீர் மலையிலிருந்து கோபோலிக்கு இறங்குகிறது. அங்கே டாட்டா நிறுவனத்தின் மின் நிலையம் 1915ஆம் ஆண்டு தொடங்கியது. அந்த மின்சாரம் ஒரு லட்சம் வோல்ட்டில் மும்பைக்குப் போய் ஆலைகளை ஓட்டியது.

புனே ரயில் பாதையும் ஓர் உதாரணம். 1929ஆம் ஆண்டு மும்பையிலிருந்து புனே வரை மின்சார ரயில் வந்தது. அப்போது மேலே கம்பியில் ஓடியது 1500 வோல்ட். வோல்ட் குறைவு. அதனால் ஆம்பியர் அதிகம். கம்பியைத் தடிமனாகப் போட வேண்டியிருந்தது. மின்சாரம் கொடுக்கும் துணை நிலையங்களையும் நெருக்கமாக வைக்க வேண்டியிருந்தது. பின்னாளில் அந்தப் பாதையை 25 ஆயிரம் வோல்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் கம்பிக்கு அருகில் போனாலே உயிர் போகும். ரயில் கூரை மேல் ஏறக் கூடாது என்று சொல்வது இதனால்தான்.

11. செய்து பார்ப்போம்

கற்றல் மையத்தில் எல்லோரும் சேர்ந்து இதைச் செய்யலாம். இரண்டு டார்ச் செல், ஒரு சிறிய டார்ச் குண்டு பல்பு, கொஞ்சம் வயர், பழைய மின் அடுப்பின் காயில் துண்டு ஒன்று போதும்.

இரண்டு செல்லையும் வரிசையாக வையுங்கள். ஒரு முனையிலிருந்து வயர் பல்புக்குப் போகட்டும். பல்பிலிருந்து காயிலின் ஒரு நுனிக்கு வரட்டும். செல்லின் மறுமுனையிலிருந்து ஒரு வயரை எடுத்துக் காயிலின் மேல் தொடுங்கள். பல்பு எரியும்.

இப்போது தொட்ட இடத்தை மெல்லத் தள்ளிக்கொண்டே போங்கள். காயிலின் நீளம் கூடக் கூடப் பல்பு மங்கும். நீளம் குறையக் குறையப் பிரகாசம் கூடும். முதல் காரணத்தைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள்.

காயிலுக்குப் பதிலாக அதே நீளத்தில் செம்புக் கம்பியை வைத்துப் பாருங்கள். பல்பு மங்காது. மூன்றாம் காரணத்தையும் பார்த்துவிட்டீர்கள்.

கவனம்! இதை டார்ச் செல்லில் மட்டுமே செய்ய வேண்டும். வீட்டு மின்சாரத்தில் ஒருபோதும் செய்யக் கூடாது.

12. கடையில் கேட்பது எப்படி?

புனேயில் மின்சாமான்களுக்குப் பெயர்போன இடம் தப்கீர் கல்லி. அங்கே மராத்தியில் பேசுவார்கள். இந்தச் சொற்கள் உதவும்.

தார்: கம்பி, வயர்
தாம்ப்யாச்சி தார்: செம்புக் கம்பி
தீட் எம்.எம்.: ஒன்றரை எம்.எம்.
அடீச் எம்.எம்.: இரண்டரை எம்.எம்.

விளக்குக்கும் விசிறிக்கும் ஒரு எம்.எம். அல்லது ஒன்றரை எம்.எம். வயர் போதும். ராடு, கிரைண்டர், மின் அடுப்பு போன்ற கனமான சாமான்களுக்கு இரண்டரை எம்.எம். வேண்டும். அதைவிடப் பெரிய சாமான் என்றால் வயர்மேனிடம் கேட்டு நான்கு எம்.எம். வாங்குங்கள்.

வயரின் உறை மேல் எழுத்துகள் அச்சாகி இருக்கும். இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். எண்ணையும் எழுத்தையும் படித்துப் பாருங்கள். பருமன் எவ்வளவு என்று இருக்கிறதா? ஐ.எஸ்.ஐ. முத்திரையும் 694 என்ற எண்ணும் இருக்கிறதா? இல்லையென்றால் வாங்க வேண்டாம். கடைக்காரர் சொல்வதை மட்டும் கேட்டு வாங்கிய காலம் போய்விட்டது.

வேலையை உரிமம் பெற்ற வயர்மேனைக் கொண்டு செய்யுங்கள். எந்த வயரையும் தொடும் முன் மெயின் சுவிட்சை அணையுங்கள்.

நினைவில் வைப்போம்

நீளம் கூடினால் தடை கூடும்.
பருமன் கூடினால் தடை குறையும்.
உலோகம் மாறினால் தடை மாறும்.
சூடு கூடினால் உலோகக் கம்பியின் தடை கூடும்.
வயர் தொட்டால் சுடுகிறது என்றால், அது நம்மை எச்சரிக்கிறது.

பயிற்சி

அ. சரியான சொல்லால் நிரப்புங்கள்.
1. மின்தடையை அளக்கும் அளவு ________.
2. வீட்டு வயரில் பெரும்பாலும் இருக்கும் உலோகம் ________.
3. இஸ்திரிப் பெட்டிக்குள் இருக்கும் கம்பி ________.

ஆ. சரியா, தவறா?
1. சுருட்டி வைத்த வயரில் சூடு தங்கும்.
2. உறை தடித்த வயரில் தடை குறைவு.
3. பியூஸ் அடிக்கடி போனால் தடித்த கம்பி கட்டலாம்.

இ. கணக்கு
ஒரு வயரின் தடை 1 ஓம். அதில் 6 ஆம்பியர் ஓடுகிறது. வீட்டில் 230 வோல்ட் இருக்கிறது. வயரின் மறுமுனையில் எத்தனை வோல்ட் கிடைக்கும்?

ஈ. பேசுவோம்
உங்கள் வீட்டில் எந்த வயர், பிளக், சுவிட்ச் சுடுகிறது? நான்கு காரணங்களில் எது அங்கே பொருந்தும்? வீட்டுக்குப் போய்ப் பார்த்து ஐந்து வரி எழுதி வாருங்கள்.

விடைகள்
அ. 1. ஓம் 2. செம்பு 3. நிக்ரோம்
ஆ. 1. சரி 2. தவறு 3. தவறு
இ. 6 × 1 = 6 வோல்ட் குறையும். 230 − 6 = 224 வோல்ட் கிடைக்கும்.